பஞ்சிகாவத்தையில் டபுள் கெப்புக்கு பீ.சீ.எம். மாற்றினேன்

"உங்கட கெப்பின் பொடி கொன்ட்ரோல் மொடியூல் (பீ.சீ.எம்.) போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று கராஜில் யாராவது சொல்லியிருந்தால், முற்பணம் கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள். அந்த வேலையை நான் பஞ்சிகாவத்தையில் ஒரு ஓட்டோ எலக்ட்ரிக் கடையில் செய்வித்தேன். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் போய்விட்டது, வண்டி ஒரு குறையும் சொல்லாமல் ஓடுகிறது. வேலை முடிந்த கையோடு எழுதுகிற பாராட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால்தான் இவ்வளவு காலம் பொறுத்து எழுதுகிறேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார நானா கேட்டுக்கொண்டார். வருகிற வேலையே அவருக்கும் கூட நிற்கிற இரண்டு பையன்களுக்கும் கைகொள்ளாமல் இருக்கிறது. பஞ்சிகாவத்தை வீதியிலிருந்து பிரிகிற ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது கடை. கெப் வயரிங் பார்க்கிற நானா என்று கேட்டால் அங்கே காட்டிவிடுவார்கள்.

நான் வெள்ளவத்தையில் மணவறைச் சோடனை செய்து கொடுக்கிறேன். கொழும்பில் காலை முகூர்த்தம் என்றால் எங்களுக்கு முதல் நாள் இரவே வேலை தொடங்கிவிடும். மணவறைத் தூண்கள், கதிரை, குத்துவிளக்கு, வாழைமரம், பூக்கூடை எல்லாவற்றையும் அந்த டபுள் கெப்பின் பின்பக்கத்தில் கட்டி, விடியச் சாமத்தில் மண்டபத்து வாசலில் இறக்க வேண்டும். வண்டி வராவிட்டால் மணவறை இல்லை. பெண் வீட்டாரிடம் போய் "பெட்டரி இறங்கிவிட்டது" என்று சொல்ல முடியுமா? புது வண்டி வாங்குகிற கதையும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் வழி விட்டது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய கெப்களின் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருக்கிற வண்டியைக் கண்போலப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

என்னுடையது 2014ஆம் ஆண்டு டீசல் கெப். எந்தக் கொம்பனி என்பது இங்கே முக்கியமில்லை, இந்தக் கோளாறு எந்தக் கொம்பனி வண்டிக்கும் வரும். முதலில் உள் லைட் அணையாமல் நின்றது. பிறகு கதவுப் பூட்டுகள் தாமாகவே பூட்டித் திறந்தன. மழை இல்லாத காலையில் வைப்பர் ஒரு தரம் எழும்பி விழுந்து படுத்துக்கொண்டது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இதையெல்லாம் சின்னச் சின்னக் கோளாறு என்று ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் முன்னேஸ்வரத்தில் ஒரு கல்யாணம் முடித்து இரவு திரும்பும்போது, மாரவிலைக்குக் கிட்ட, இரண்டு பக்கத்து டிம் லைட்டும் ஒன்றாக அணைந்தன. புத்தளம் வீதி, இருட்டு, எதிரே பஸ். டிரைவர் அண்ணன் பதறாமல் ஓரம் கட்டினார். ஹை பீம் மட்டும் எரிந்தது. எதிரே வருகிறவர்கள் கண் கூசித் திட்டத் திட்ட, மெல்ல மெல்ல நீர்கொழும்புவரை வந்து சேர்ந்தோம். லைட் இல்லாமல் வீதியில் போவது மற்றவர் உயிரோடு விளையாடுவது. இனி இந்த வண்டியைச் சரியாகப் பார்க்காமல் இரவுப் பயணம் இல்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

அதற்கு முன்பே வழமையாகப் போகிற கராஜில் பெட்டரியை மாற்றியிருந்தார்கள். லைட் போன பிறகு கொண்டுபோனபோது ஸ்கேனரைக் குத்தினார்கள், யூ 0140 என்று ஒரு கோட் வந்தது, "மெடம், பீ.சீ.எம். கெட்டுப்போச்சு" என்றார்கள். அவ்வளவுதான் சோதனை. அந்த பீ.சீ.எம். பெட்டி எங்கே இருக்கிறது என்றுகூட யாரும் குனிந்து பார்க்கவில்லை. புதுப் பெட்டிக்குப் பாதிக் காசு முற்பணம் கேட்டார்கள். மாற்றினாலும் சரிவராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "எலக்ட்ரிக் சாமான், திருப்பி எடுக்க மாட்டார்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

பீ.சீ.எம். என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல வண்டியின் உடம்புக்கு ஒரு கம்ப்யூட்டர். லைட், சிக்னல், வைப்பர், ஹோர்ன், கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றி இறக்குவது, ரிமோட், பல வண்டிகளில் திறப்பை அடையாளம் பார்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. எங்கள் கல்யாண வீடுகளில் எல்லாக் கேள்வியும் போய்ச் சேர்கிற ஒரு மாமா இருப்பார் அல்லவா, அவர் மயங்கி விழுந்தால் மேளமும் நிற்கும், பந்தியும் நிற்கும், ஐயருக்குத் தேங்காயும் வராது. அந்த மாமாதான் இந்தப் பெட்டி. நீங்கள் லைட் சுவிட்சைத் திருப்பும்போது கரண்ட் நேரே பல்புக்குப் போவதில்லை. சுவிட்ச் பெட்டியிடம் கேட்கிறது, பெட்டிதான் பல்புக்குக் கரண்ட் விடுகிறது. பெட்டிகள் தங்களுக்குள் கதைத்துக்கொள்வது கேன் என்ற முறையில். 1986இல் பொஷ் கொம்பனி அறிமுகப்படுத்தியது, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே இரண்டு வயர். மொறட்டுவையில் படிக்கிற என் மூத்தவன் இதை எனக்கு விளக்கிச் சொன்னான். எதை நம்பிக் காசு கட்டுகிறோம் என்று விளங்கிக்கொள்ள அது உதவியது.

பஞ்சிகாவத்தைக் கடைக்கு என்னை அனுப்பியது மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் கொடுக்கிற ஒரு தம்பி. கடை என்றால் ஒரு வண்டி நிற்கிற அளவு இடம். சுவர் நிறைய ஆணியில் தொங்குகிற வயர் கூட்டங்கள், ஒரு பெரிய பூதக்கண்ணாடி விளக்கு, மேசையில் சோல்டரிங் சாமான். நானாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். யூ 0140 கதையைச் சொன்னேன். சிரிக்கவும் இல்லை, அந்தக் கராஜைக் குறை சொல்லவும் இல்லை.

"தங்கச்சி, அந்தப் பெட்டியோட கதைக்க ஏலாம ஈக்கி எண்டுதான் ஸ்கேனர் சொல்லுது. ஏன் கதைக்க ஏலல்ல எண்டு நாங்கதான் பாக்கோணும்" என்றார்.

பார்த்தார். இந்தப் பார்த்தல்தான் நான் இந்த விமர்சனத்தை எழுதுவதற்குக் காரணம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெட்டரி. எஞ்சின் நிற்கும்போது 12.5 வோல்ட், ஓடும்போது 14.2. சரி, பெட்டரியிலும் ஓல்டர்னேட்டரிலும் பிழை இல்லை. அடுத்தது எர்த். லைட்டுகளைப் போடச் சொல்லிவிட்டு, பெட்டியின் எர்த் வயருக்கும் பெட்டரியின் நெகட்டிவுக்கும் இடையில் மீற்றரை வைத்தார். எர்த் நன்றாக இருந்தால் அங்கே கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக்கூடாது. துருப்பிடித்த எர்த்தும் இப்படிப் பேய் பிடித்த மாதிரிக் கோளாறுகளைக் காட்டும் என்றும், நல்ல பெட்டிகளை இந்த எர்த்துக்காகவே எத்தனையோ பேர் கழற்றி எறிகிறார்கள் என்றும் சொன்னார். மீற்றர் 0.03 என்றது. எர்த்தும் சரி. பெட்டிக்குக் கரண்ட் வருகிற பியூஸ்கள் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார். பிறகு பெட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் குத்துகிற சொக்கட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையில் அளந்தார். மீற்றர் 60 ஓம் காட்டியது. கேன் வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் வீதம் இரண்டு ரெசிஸ்டர் இருக்குமாம். இரண்டும் பக்கம் பக்கமாக இணைவதால் பாதியாகி 60 காட்டினால் அந்த வழி முழுசாக இருக்கிறது என்று அர்த்தம், 120 காட்டினால் எங்கேயோ அறுந்திருக்கிறது. எங்களுடையது முழுசாக இருந்தது.

வண்டியை நிறுத்திப் பூட்டி, ஒரு மணி நேரம் விட்டு, தூங்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்றும் பார்த்தார். நல்ல வண்டி 0.05 ஆம்பியருக்கு மேல் குடிக்கக்கூடாது. என்னுடையது 0.8. ஒரு நாளைக்குப் பத்தொன்பது ஆம்பியர்-மணி என்று அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 70 ஆம்பியர்-மணி பெட்டரி இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி. புதுப் பெட்டரி போட்டும் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்ற கேள்விக்கு எனக்கு அன்றுதான் விடை கிடைத்தது. பீ.சீ.எம்.மின் பியூஸைப் பிடுங்கியதும் மீற்றர் கீழே விழுந்தது. தூங்காமல் விழித்துக்கொண்டிருந்தது அந்தப் பெட்டிதான்.

அப்போதும் "பெட்டி கேடு" என்று அவர் வாய் திறக்கவில்லை. இடது பக்கம், முன் சீட்டில் இருப்பவர் கால் வைக்கிற இடத்தின் ஓரத்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றினார். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் எயார் பேக்குக்கு உரியவை, அவற்றை ஒருவரும் தொடக்கூடாது என்று பையனுக்குச் சத்தமாகச் சொன்னார். பெட்டி வெளியே வந்தது. ஒரு கனெக்டரின் ஓரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. நானா அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், பூதக்கண்ணாடியில் பிடித்து, என்னையும் பார்க்கச் சொன்னார். பின்கள் இரண்டின் அடியில் செம்பு கரைந்து, பச்சைத் தூள் மட்டும் மிச்சம்.

"தண்ணி" என்றார். "பெட்டிய மாத்தலாம். தண்ணி எங்கால வருது?"

ஒரு கிளினிக்கைப்போல நடந்தது அடுத்த வேலை. டேஷ்போர்ட்டுக்கு அடியில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, ஒரு பையனை டோர்ச்சோடு தலைகீழாகப் படுக்கவைத்தார். மற்றப் பையன் ஹோஸ் பைப்பை எடுத்து, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே நனைத்துக்கொண்டு போனான். ஒரேயடியாக எல்லா இடமும் அடித்தால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாதாம். இடது மூலைக்கு வந்து கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து "நானா, ஒழுகுது!" என்று சத்தம். நானும் குனிந்து பார்த்தேன். கண்ணாடியின் மூலையிலிருந்து ஒரு துளி, கறுப்பு டேப் சுற்றிய வயர்க் கூட்டத்தின் மேல் இறங்கி, வயர் வளைகிற இடத்தில் கொஞ்சம் நின்று, பருத்து, திரும்பவும் உருண்டு, நேரே அந்தக் கனெக்டர் இருந்த இடத்தில் போய் விழுந்தது. தாளில் ஒரு வட்டம் நனைந்தது. இன்னொரு துளி. இன்னொரு வட்டம்.

முந்திய வருடம் ஹைவேயில் கல் பட்டு முன் கண்ணாடி மாற்றியிருந்தோம். மாற்றியவர்கள் அந்த மூலையில் பசையைச் சரியாக விடவில்லை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொழும்பு மழையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மே மாதம் பிடித்தால் செப்டெம்பர்வரை, பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி மழை. ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பெட்டிக்குச் சொட்டுச் சொட்டாகக் குளிப்பாட்டல் நடந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் இரண்டரை இலட்சத்துக்கு மேல் கொடுத்துப் புதுப் பெட்டி போட்டிருந்தால், அதுவும் அடுத்த மழைக்காலத்தில் பூத்திருக்கும். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

பெட்டியைத் திறந்து திருத்த முடியுமா என்றும் முயன்று பார்த்தார். ஸ்பிரிட் போட்டுக் கழுவி, பச்சையைச் சுரண்டி, கண்ணாடியில் பார்த்தார். மேலே தெரிகிற செம்பு வழியென்றால் வயர் போட்டு இணைத்துவிடலாம், ஆனால் இங்கே சர்கிட் பலகையின் உள் அடுக்குவரை அரித்திருக்கிறது, இன்று எரியும், இன்னொரு நாள் இருட்டில் கைவிடும், லைட் விசயத்தில் அப்படி ஒரு வேலையைச் செய்துதர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காசு குறைவாக முடியுமே என்று நான் இழுத்தும் அசையவில்லை. அந்த "மாட்டேன்" எனக்குப் பெரிய மரியாதையை உண்டாக்கியது.

புதுப் பெட்டிக்கு ஏஜென்டிடம் விலை கேட்டேன். பெட்டி மட்டும் இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் ரூபா, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், திகதி சொல்ல முடியாது. ஆவணி முகூர்த்தங்கள் முன்னால் நின்றன. அதனால் பாவித்த பெட்டிதான் என்று முடிவெடுத்தோம். இங்கேதான் பஞ்சிகாவத்தையின் அருமை. கடைக்குக் கடை ஏறி இறங்கலாம், உடைத்த வண்டிகளின் பெட்டிகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. நானா ஒரு பையனை என்னோடு அனுப்பினார். லேபலில் உள்ள நம்பர் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே வருடம், ஒரே மொடல் என்றாலும் தானாகப் பூட்டுகிற கதவு உள்ளதற்கு ஒரு பெட்டி, இல்லாததற்கு இன்னொன்று. ஒரு கடையில் நம்பர் அச்சொட்டாகப் பொருந்தியது, விலையும் மலிவு. பையன் கனெக்டருக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வேணாம் அக்கா, வெள்ளத்துல கிடந்தது" என்று காதுக்குள் சொன்னான். பின்களுக்கு இடையில் மெல்லிய சேற்றுக் கோடு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் மூழ்கியபோது எத்தனை வண்டி தண்ணீருக்குள் நின்றது என்று நாங்கள் கண்ணால் பார்த்தோம். அப்படியான வண்டிகளின் சாமானும் எங்கேயோ ஒரு தட்டில்தான் வந்து இருக்கும். கடைசியில் தெமட்டகொடைப் பக்கம் ஒரு கடையில், பின்பக்கம் இடிபட்ட கெப் ஒன்றின் பெட்டி கிடைத்தது. காய்ந்த, சுத்தமான கனெக்டர். 68,000 ரூபா.

பாவித்த பெட்டியை அப்படியே கொண்டுவந்து பூட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதற்குள் வேறு வண்டியின் செசி நம்பர், வேறு திறப்புகளின் அடையாளம் எழுதியிருக்கும். எஞ்சின் கம்ப்யூட்டர் "நீ யார்?" என்று கேட்டு வாயை மூடிக்கொள்ளும். பழைய பெட்டியின் ஞாபகத்தை, அதாவது ஈப்ரொம் என்கிற ஒரு சின்னச் சிப்பில் இருக்கிறதை, அப்படியே எடுத்துப் புதிதாக வந்த பெட்டியில் எழுதுவது நானாவின் முறை. எங்கள் பழைய பெட்டியில் அரித்தது கனெக்டர் பக்கம், சிப் இருந்த மூலை தப்பியிருந்தது. வாசித்தார். திரும்பவும் வாசித்தார். இரண்டு வாசிப்பும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த பெட்டியில் கைவைத்தார். வந்த பெட்டியில் முன்பு இருந்ததையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார், ஏதும் பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். வண்டியில் பூட்டி ஸ்கேனரில் வேலை செய்யும்போது பெட்டரிக்கு சார்ஜரைப் பிடித்து 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டார். எழுதுகிற நடுவில் கரண்ட் விழுந்தால் பெட்டி ஒன்றுக்கும் உதவாமல் போய்விடுமாம்.

திறப்பைத் திருப்பினேன், முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. அதோடு விடவில்லை. டிம், ஹை பீம், நாலு சிக்னல், பிரேக், ரிவர்ஸ், வைப்பரின் ஒவ்வொரு வேகம், நாலு கண்ணாடி, நாலு பூட்டு, ஹோர்ன், இரண்டு திறப்பின் ரிமோட். ஒவ்வொன்றையும் டிரைவர் அண்ணன் போட, பையன் வண்டியைச் சுற்றிவந்து குரல் கொடுத்தான். பூட்டிவிட்டுக் காத்திருந்து தூக்கக் கரண்டையும் அளந்தார்கள். 0.03. அது இறங்குகிறதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லித் தெரியாது.

பழைய பெட்டியை அவரே கையில் தந்தார். இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டித் திறப்பின் அடையாளம் அதற்குள் இருக்கிறது, யாருடைய குப்பைக்குள்ளும் அது கிடக்கக்கூடாது. வாசித்து எடுத்த பைலையும் ஒரு பென் டிரைவில் போட்டுத் தந்தார். தன்னுடைய கம்ப்யூட்டரிலிருந்து என் முன்னாலேயே அழித்தார்.

காசு: சோதனைக்கு 7,500, பெட்டி 68,000, ஞாபகம் மாற்றிப் பூட்டியதற்கு 30,000. மொத்தம் 1,05,500 ரூபா. கண்ணாடி வேலை அவர் செய்வதில்லை. மருதானையில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அனுப்பினார், கழற்றிப் பசை விட்டுத் திருப்பிப் பூட்ட அங்கே 12,000. அதற்குப் பிறகு திரும்பி வரச்சொல்லி, ஹோஸ் பைப் சோதனையை இன்னொரு தரம் செய்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. வயர்க் கூட்டம் கனெக்டருக்கு வருகிற இடத்தில் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டினார், இனி எப்போதாவது தண்ணீர் வந்தாலும் கனெக்டருக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டி விழும்.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு வேலை முடியாது. "பின்னேரம்" என்றால் அடுத்த நாள் பின்னேரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், கல்யாணத்துக்கு முதல் நாள் வண்டியைக் கொண்டுபோனால் நெஞ்சு படபடத்துத்தான் இருக்கும். பெண்கள் காத்திருக்க ஓர் இடம் இல்லை. ஒரு ஸ்டூலும் பிளேன்டீயும் தருகிறார்கள், அன்பாகத்தான் தருகிறார்கள், ஆனால் மலசலகூடத்துக்கு மருதானை ஸ்டேஷன் பக்கம்தான் நடக்க வேண்டும். அந்த ஏரியாவில் வேலை செய்கிற, வண்டி கொண்டுவருகிற பெண்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள், கடைக்காரர்கள் சேர்ந்து இதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும் என்று நானாவிடமே சொன்னேன். கார்ட் எடுக்க மாட்டார்கள். பில் கையால் எழுதியது, ஆனால் கேட்டால் பெட்டியின் நம்பரையும் சேர்த்து எழுதித் தருகிறார். பாவித்த பெட்டிக்கு மூன்று மாதம்தான் உத்தரவாதம். ஓரத்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றும்போது ஒரு கிளிப் உடைந்தது, அதை மறைக்காமல் காட்டி, மாற்றியும் போட்டார்.

எல்லாரும் இங்கேதான் போக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வண்டி இன்னும் கொம்பனி உத்தரவாதத்தில் இருந்தால் ஏஜென்டைத் தவிர வேறு யாரையும் கைவைக்க விடாதீர்கள். மிகப் புதிய வண்டிகளில் பெட்டியை எழுதுவதற்குக் கொம்பனியின் கம்ப்யூட்டரோடு இணைய வேண்டியிருக்கும், அந்த வேலையை நானாவே ஏற்பதில்லை, முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கெப்புக்கு, இரவில் வீதியில் இறங்குகிற வண்டிக்கு, நான் கண்ட இடங்களில் இதுதான் நல்ல இடம்.

போகிறவர்கள் இரண்டு திறப்பையும் கொண்டுபோங்கள், ஒன்றை வீட்டில் விட்டுவிட்டால் அதன் ரிமோட்டைப் பார்க்கத் திரும்ப வர வேண்டும். வண்டிப் புத்தகத்தின் பிரதி ஒன்றும் வேண்டும், வண்டி உங்களுடையது என்று காட்டாமல் திறப்பு விசயத்தில் அவர் கைவைப்பதில்லை. பின்னால் பொருத்திய எலார்ம், எல்.ஈ.டீ. பார், டிரெய்லர் சொக்கட் எதுவும் இருந்தால் மறைக்காமல் முதலே சொல்லுங்கள், அவற்றின் வயரை எங்கே வெட்டி இணைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்பார். முதல் நாள் சோதனைக் காசை மட்டும் பேசிக்கொண்டு வண்டியை விடலாம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஜும்ஆவுக்காகப் பூட்டினால் இரண்டரைக்குத்தான் திறப்பார்கள், ஞாயிறு பூட்டு.